ஓடுகிற சக்கரத்துக்குச் சந்தனம்

"சங்கமாம் சாமி, சங்கம்! என் சோற்றைத் தின்றுவிட்டு எனக்கே கொடி பிடிக்கிறான்கள்."

பஞ்சாலை முதலாளி குழந்தைவேல் முதலியார் பாறையடியில் உட்கார்ந்து பொரிந்து தள்ளினார். பாறைமேல் இருந்த கருங்கல் சாமியாருக்கு அவர் பல வருஷத்துச் சீடர்.

"என்ன கேட்கிறார்கள்?"

"மெஷினை நிறுத்திவிட்டுத்தான் துடைப்பார்களாம். ஓடும்போதே துடைத்தால் என்ன குடியா முழுகிப்போகும்? சோம்பேறித்தனம் சாமி. ஊரே காறித் துப்புகிறது."

முதலியார் இன்னும் நெருங்கி உட்கார்ந்தார்.

"நாளைக்கு ஆயுத பூஜை. நீங்கள் வந்து சங்கத்தைக் கலைக்கச் சொல்லுங்கள். உங்கள் வார்த்தையைத் தட்டமாட்டான்கள். கலைக்காவிட்டால் அத்தனை பேரையும் வெளியே தள்ளிக் கதவைச் சாத்துவேன். பட்டினி கிடக்கட்டும்."

"வருகிறேன்" என்றார் சாமி.

மறுநாள் மெஷின்களுக்கெல்லாம் மாலை. தொழிலாளிகள் கைகட்டி நின்றார்கள். முன்னால் சங்கத் தலைவன் மாரண்ணன். வலது கையில் இரண்டு விரல் கிடையாது. கவனமில்லாத பயல், மெஷினில் கையை விட்டுவிட்டான் என்று முதலியார் எல்லோரிடமும் சொல்வார்.

சாமி சந்தனக் கிண்ணத்தை முதலியாரிடம் நீட்டினார்.

"முதல் பொட்டு நீ வை. அந்தப் பல்சக்கரத்துக்கு."

முதலியாருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. கிண்ணத்தை வாங்கி, விரலைச் சந்தனத்தில் தோய்த்துக்கொண்டு போனார்.

"இரு. மெஷினை ஓட்டச் சொல்."

"பூஜையன்றைக்கு ஓட்டக்கூடாதே சாமி."

"நான் சொல்கிறேன். ஓட்டு."

முதலியார் கண் காட்ட, ஒருவன் பெல்ட்டைத் தள்ளினான். சக்கரம் உறுமிக்கொண்டு சுழன்றது.

"இப்போது வை."

முதலியார் கையை நீட்டினார். காற்று வந்து விரலில் அடித்தது. வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். கிண்ணம் கீழே விழுந்து உருண்டது.

"ஐயோ! என்ன சாமி இது, கை போயிடுமே!"

இரைச்சலுக்கு மேல் கத்த வேண்டியிருந்ததால் கொட்டகை முழுக்கக் கேட்டது. ஒருத்தரும் சிரிக்கவில்லை. முதலியாருக்குத் தாம் சொன்னது தம் காதிலேயே விழுந்தது. தூக்கிவாரிப் போட்டது. அவர் கண் மாரண்ணன் கையின்மேல் போய் நின்றது.

சாமி அவரைப் பார்க்கவே இல்லை.

"மாரண்ணா," என்றார், "உன் முதலாளி பொட்டு வைக்கணுமாம். அவருக்காக மெஷினைக் கொஞ்சம் நிறுத்துவாயா?"