சாரத்துளையும் மைனாவின் மஞ்சள் கண்ணும்

என் இரண்டாவது பிள்ளைக்குப் பால் மறக்கடித்த வருஷம், என் நாத்தனார் ராமாத்தாள் சொன்ன கதை இது.

பறவைகள் மனுஷரோடு வாய்கொடுத்துப் பேசிய அந்தக் காலத்தில், பாவாயி என்பவள் தன் தோட்டத்தில் கல்வீடு ஒன்று கட்டினாள். கட்டியவர் மாரண்ணன். சாரத்து மூங்கிலைச் சொருகுவதற்காகச் சுவரில் அங்கங்கே துளை விட்டிருந்தார். வேலை முடிந்து மூங்கிலை உருவிய பிறகும் துளைகள் சில நாள் திறந்தே கிடந்தன. பால் காய்ச்சுவதற்கு முதல்நாள் மழை இருட்டிக்கொண்டு வந்தது. மாரண்ணன் அவசர அவசரமாக எல்லாத் துளையையும் கல்லும் சேறும் வைத்து அடைத்துவிட்டார். உள்ளே எட்டிப் பார்க்கவில்லை.

அந்தத் துளை ஒன்றில் கூடு கட்டிவிட்டு இரை தேடப் போயிருந்த ஆண் மைனா வந்து சுவரைச் சுற்றிச் சுற்றிப் பறந்தது.

"ஆத்தா, என் வீட்டுக்காரி உள்ளே இருக்கிறாள். முட்டையை விட்டு எழுந்திருக்க மாட்டாள்."

"எந்தத் துளை?" என்றார் மாரண்ணன்.

"எல்லாத்தையும் ஒரே மாதிரி பூசிட்டு என்னைக் கேக்கறீங்களே. வீடு கட்டத் தெரியுது, உள்ளே ஆள் இருக்கான்னு கேக்கத் தெரியலையா?"

மாரண்ணன் பாவாயியைப் பார்த்தார். "அம்மிணி, விடிஞ்சா பால் காய்ச்சணும். அடைச்ச கல்லைப் புடுங்கினா வீட்டுக்கு ஆகாதுங்க."

நிலைக்குப் பூச மஞ்சள் அரைத்துக்கொண்டிருந்த பாவாயிக்கும் பயம்தான். அவள் பிள்ளைகள் வாழப்போகிற வீடு அல்லவா.

"ஒரு தாயை உள்ளே வச்சு அடைச்சுட்டு நான் பால் காய்ச்சினா அது மட்டும் ஆகுமாண்ணா?" என்றாள். முருகனை நினைத்துக்கொண்டு ஏணியில் ஏறி, அடைத்த இடங்களில் எல்லாம் காதை வைத்துக் கேட்டாள். வடக்குச் சுவரில், ஒரு கல்லுக்குப் பின்னால், மெல்லிசாக ஒரு முனகல். அந்தக் கல்லைத் தன் கையாலேயே பிடுங்கினாள்.

பெண் மைனா முட்டைமேல் அப்படியே உட்கார்ந்திருந்தது. கண்ணெல்லாம் சேறு. பாவாயி மஞ்சள் கையைக்கூடக் கழுவாமல் விரலால் துடைத்துவிட்டாள். கண்ணைச் சுற்றி மஞ்சள் ஒட்டிக்கொண்டது.

"எனக்கும் கொஞ்சம் பூசிவிடுங்க ஆத்தா. இல்லேன்னா யாரோன்னு என்னைத் துரத்திடுவா" என்றது ஆண் மைனா.

மாரண்ணன் சிரித்துவிட்டார். திரும்ப அடைக்க எடுத்து வைத்திருந்த சேற்றைக் கீழே போட்டார். மறுநாள் அந்தத் துளை திறந்திருக்கத்தான் பால் பொங்கியது.

மைனாவுக்குக் கண்ணோரம் மஞ்சள் வந்ததும், கல்வீட்டில் ஒரு சாரத்துளையை அடைக்காமல் விடுவதும் அன்று முதல்தான்.

உங்கள் வீட்டுச் சுவரைப் பூச ஆள் வந்தால், துளைக்குள் ஒரு தடவை எட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.