மூன்று முறை எழுதவும்

பி.எட். மாணவி இளவேனில், பயிற்சிக்குப் போன பள்ளியிலிருந்து ஒன்பதாம் வகுப்பு ஆங்கில நோட்டுகளை அள்ளிக்கொண்டு, நேராகப் பேராசிரியை ஹெலன் சுகிர்தத்தின் அறைக்கு வந்தாள். நோட்டுகளை மேசையில் போட்ட வேகத்திலேயே கோபம் தெரிந்தது.

"மேடம், ஒரு பேய்க்கதையை எடுத்து அதுல இலக்கணப் பயிற்சி வைக்கிறது நியாயமா?"

"முதல்ல உட்காரு. என்ன கதை?"

"ஒரு பழைய பங்களா. மாடியில தங்கச்சியைப் பூட்டி வச்சிட்டு, அவ செத்துட்டான்னு அண்ணன்காரன் ஊருக்குச் சொல்லிடறான். சாயங்காலமானா சுவருக்குள்ளேருந்து தட்டுற சத்தம் கேட்கும். படிச்சா முதுகு சில்லிடணும். பாடத்திட்டம் என்ன சொல்லுது? பத்துச் சொல்லை எடு, வாக்கியத்தில் அமைத்து எழுதச் சொல்லு. பூட்டு, சாவி, ஜன்னல், சுவர். பிணத்தை அறுத்துப் பார்க்கிற வேலை."

"நீ என்ன செஞ்சே?"

"சொன்னதைச் செஞ்சேன். வேற வழி? மாதிரிக்குப் பத்து வாக்கியம் போர்டுல எழுதிப் போட்டேன். நாற்பத்திரண்டு பேரும் அதையே காப்பியடிச்சு வச்சிருக்காங்க. ஒரு பிள்ளைக்குக்கூடப் பயம் வரலை. இலக்கணம் கதையைக் கொன்னுடுச்சு, மேடம். நீங்க இதுக்குப் பதில் சொல்லணும்."

ஹெலன் மேலேயிருந்த நோட்டை எடுத்துப் பார்த்துவிட்டு வைத்தார். அடுத்ததை எடுத்தார். அதே வாக்கியங்கள், அதே வரிசை.

"அண்ணன் ஏன் அவளைப் பூட்டினான்னு வகுப்புல பேசினீங்களா?"

"அதுக்கு ஏது நேரம்? நோட்டுத் திருத்தவே பொழுது போதலை. பார்வையிட வந்த அன்னிக்கு நீங்களும் நோட்டைத்தானே கேட்டீங்க?"

"ஆமா. அதைத்தான் கேட்டேன்."

அவர் புரட்டிக்கொண்டே போனார். பதினேழாவது நோட்டில் கை நின்றது.

"இது யாரு?"

இளவேனில் எட்டிப் பார்த்தாள். "முப்பிடாதி. முதல் பெஞ்ச். வாயே திறக்க மாட்டா. ஆமா, இவ மட்டும் சொந்தமா எழுதியிருந்தா. மறந்தே போச்சு. ஆறு வாக்கியம்தான், பத்துக்கு அஞ்சு போட்டேன்."

"தமிழ்ல சொல்லிப் படி."

இளவேனில் படித்தாள். "எங்கள் வீட்டுக் கடைசி அறைக்குப் பூட்டு இருக்கிறது. சாவி அப்பாவிடம் இருக்கிறது. அக்கா வடக்குத் தெருப் பையனைக் கல்யாணம் செய்ய ஆசைப்பட்டாள். ஜன்னல் வழியாகச் சாப்பாடு போகிறது. அக்கா சுவரைத் தட்டுகிறாள்."

அவள் குரல் இறங்கியது.

"நாங்கள் டிவி சத்தத்தைக் கூட்டி வைக்கிறோம்."

கடைசிக்கு முந்தைய வாக்கியத்தில் ஒரு சொல்லைச் சுற்றிச் சிவப்பு வட்டம். ஓரத்தில் இளவேனிலின் கையெழுத்தில்: எழுத்துப்பிழை. மூன்று முறை எழுதவும்.

"அடுத்த பக்கத்தைத் திருப்பு."

அடுத்த பக்கத்தில் அந்தப் பெண் எழுதியிருந்தாள். பிழையில்லாமல், ஸ்கேல் வைத்து அடிக்கோடிட்டு.

அக்கா சுவரைத் தட்டுகிறாள்.
அக்கா சுவரைத் தட்டுகிறாள்.
அக்கா சுவரைத் தட்டுகிறாள்.

பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு டிக். அதற்குக் கீழே பச்சை மையில் ஹெலன் சுகிர்தத்தின் கையெழுத்து, பார்வையிட வந்த நாளின் தேதியோடு.

ஹெலன் அந்தப் பச்சைக் கையெழுத்தின்மேல் விரலை வைத்தார்.

"கதையை வச்சுக் கற்பனை பண்ணியிருக்கான்னு நினைச்சேன்," என்றாள் இளவேனில். பிறகு, "இல்ல மேடம். அப்படிக்கூட நினைக்கலை. ஸ்பெல்லிங்தான் பார்த்தேன்."

"அவ இதை எழுதி எத்தனை நாளாச்சு?"

"பத்தொன்பது நாள்."

"இன்னைக்கு அவ வந்தாளா?"

"வந்தா. நோட்டைக் கையில கொடுத்துட்டு என் முகத்தையே பார்த்துட்டு நின்னா. போய் உட்காருன்னு சொல்லிட்டேன்."

ஹெலன் போனை எடுத்துச் சமூகநல அலுவலகத்தை அழைத்தார். வீட்டு முகவரி கேட்டார்கள். இளவேனிலுக்குத் தெரியவில்லை. பள்ளிக்குப் போய்த்தான் விசாரிக்க வேண்டும்.

இருவரும் கிளம்பினார்கள். பாதிப் படியில் இளவேனிலின் கால் நின்றது.

"அந்தப் பிள்ளைகிட்ட நான் என்ன மேடம் சொல்றது?"

"ரெண்டு பேரும் திருத்தினோம்னு சொல்லு. இன்னைக்குத்தான் படிச்சோம்னு சொல்லு."