கீரி தோண்டாத கட்டங்கள்

காட்டுக் குளம் வற்றிப்போயிற்று. மிச்சம் ஒரே ஒரு குட்டை. அதில்தான் வடிவு என்ற தவளையின் தலைப்பிரட்டைகள் நெளிந்துகொண்டிருந்தன.

"இதுவும் நாலைந்து நாளில் காய்ந்துவிடுமே! மண்ணுக்கடியில் ஊற்று எங்கே இருக்கிறதோ! இத்தனை பெரிய காட்டை யார் தோண்டிப் பார்ப்பது?" என்று அழுதது தவளை.

"ஒருவரால் ஆகாது, எல்லாரும் சேர்ந்தால் ஆகும்!" என்றது நாரை. காட்டைக் கட்டம் கட்டமாகப் பிரித்தது. "சும்மா இருக்கிற நேரத்தில் ஆளுக்குக் கொஞ்சம் தோண்டுங்கள். ஈரமா, காய்ந்த மண்ணா என்று வந்து சொல்லுங்கள். ஒரு கட்டத்துக்கு ஓர் இறகு பரிசு!"

பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டர் சும்மா கிடக்கும்போது ஆராய்ச்சிக்காரர்களின் பெரிய கணக்கில் ஒரு துண்டைப் போட்டுத் தருமே, அதே ஏற்பாடுதான்! அங்கே ஒரே துண்டை இரண்டு கம்ப்யூட்டருக்குக் கொடுப்பதுபோல, நாரையும் ஒரே கட்டத்தை இருவருக்குக் கொடுத்தது. இருவர் சொல்வதும் ஒத்துப்போனால்தான் நம்பும். இதைச் சொன்னபோது சூரன் என்ற கீரி காது கொடுத்தால்தானே! அதன் கண்ணெல்லாம் இறகின்மேல்.

சூரன் இரண்டு கட்டம் ஒழுங்காகத் தோண்டியது. பார்த்தால், அணிலிடம் ஐந்து இறகு! பொறுக்குமா?

'எல்லாம் காய்ந்த மண்தான். தோண்டினால் என்ன, தோண்டாவிட்டால் என்ன?' என்று நினைத்தது. மரநிழலில் ஒரு தூக்கம் போட்டுவிட்டு வந்து, "மொத்தம் இருபது கட்டம்! இருபதும் காய்ந்த மண்!" என்று கூசாமல் சொன்னது. இருபது இறகோடு நெஞ்சை நிமிர்த்தித் திரிந்தது.

மூன்றாம் நாள் ஆமை மூச்சு வாங்க வந்தது. "நாவல் மரத்தடியில் ஈரம்!"

"அங்கே காய்ந்த மண் என்று சூரன் சொன்னானே!" என்று நாரை குழம்பியது. ஊற்றுவரை தோண்ட யானை வேண்டும். தப்பான இடத்தில் யானையைப் பாடுபடுத்த முடியுமா? மூன்றாவது ஆளாக முள்ளம்பன்றியை அனுப்பியது. அது போய்த் திரும்ப ஒரு முழுப் பகல் ஆயிற்று.

ஈரம் உண்மைதான். யானை தோண்டியது. ஊற்று பீறிட்டது! ஆனால் அந்த ஒரு பகல் வெயிலில் குட்டையில் பாதிப் பிள்ளைகள் செத்துப்போயின.

மீதியைத் தொன்னையில் ஏந்தி ஊற்றில் விட்டார்கள். தவளை சூரனிடம் வந்தது. "என் பிள்ளைகளுக்காக இருபது கட்டம் தோண்டினாயே தம்பி! கால் வலிக்கிறதா? ஈரம் உன் கண்ணில் படாமல் போனதற்கு நீ என்ன செய்வாய், பாவம்!"

நாலு அறை விட்டிருந்தாலும் சூரன் தாங்கியிருக்கும். இதைத் தாங்க முடியவில்லை. வெட்கத்தில் கூனிக் குறுகிப் போயிற்று.

"அக்கா... நான் தோண்டவே இல்லை!"

"எத்தனை கட்டம்?"

"பதினெட்டு."

தவளை முகத்தைத் திருப்பிக்கொண்டு பிள்ளைகளிடம் போய்விட்டது. அது திட்டியிருக்கக் கூடாதா என்று சூரனுக்கு அழுகை முட்டியது. யார் முகத்தையும் பார்க்க முடியாமல், தலை குனிந்தபடியே போய்ப் பொய் சொன்ன கட்டங்களை ஒவ்வொன்றாகத் தோண்டத் தொடங்கியது.

ஊர் கூடிச் செய்யும் வேலையில் செய்யாததைச் செய்தேன் என்பவன், ஒன்றும் செய்யாமல் இருந்தவனைவிடப் பெரிய கேடு செய்கிறான்.