பூவராகனின் கம்பளிக் குல்லா

"இந்த மனுஷனால டீமுக்கு என்னதான் பிரயோஜனம்?" என்று கேட்டார் பூவராகன்.

"குல்லாவைக் கழட்டுங்க சார்" என்றாள் கோகிலவாணி.

அவருக்குச் சுருக்கென்றது.

கோத்தகிரிக் குளிருக்குப் பயந்து, தலை, காது, மோவாய் எல்லாவற்றையும் மூடுகிற கம்பளிக் குல்லா ஒன்றைச் சென்னையிலேயே வாங்கி வந்திருந்தார். கேலி செய்கிறாள் என்று நினைத்தார். முடிச்சை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டார்.

அவருக்கு வயது ஐம்பத்தொன்று. அவளுக்கு முப்பத்தெட்டு. கேள்வி கேட்கிறவர்தான் சீடர் என்றால் வயதைப் பார்த்து என்ன ஆகப்போகிறது?



கோகிலவாணி, நொய்யல் நாரைகள் என்ற கூடைப்பந்து அணியின் கோச். கோயமுத்தூர் அணி. வருடத்தில் பத்து நாள் ஆட்டக்காரர்களைக் கூட்டிக்கொண்டு மலைக்கு வந்துவிடுவாள். தேயிலைத் தோட்டத்துக்கு நடுவில் ஒரு பழைய சிமெண்டுக் களம். இரண்டு வளையம். சுற்றிலும் தைல மரங்கள்.

கீழே ஊரில் வழவழவென்று மரத்தரை போட்ட அரங்கம் இருக்கிறது. அதை விட்டுவிட்டு இங்கே எதற்கு வருகிறீர்கள் என்று யார் கேட்டாலும், "மேகத்துக்குங்க" என்பாள். அதற்கு மேல் சொல்லமாட்டாள்.

பூவராகன் கல்லூரியில் புள்ளியியல் நடத்தியவர். இப்போது ஆட்டக்காரர்களை எடைபோட்டுச் சொல்வதுதான் தொழில். அவர் வேண்டாம் என்று எழுதினால் வேண்டாம்தான். அதற்கு எந்த அணியிலும் மறுபேச்சு கிடையாது.

அணியின் முதலாளி அவரிடம் ஒரே ஒரு கேள்வியைக் கொடுத்து அனுப்பியிருந்தார். சுயம்புலிங்கத்தை அடுத்த சீசனுக்கு வைத்துக்கொள்வதா, விட்டுவிடுவதா? வியாழக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குள் பதில் வேண்டும்.

சுயம்புலிங்கத்துக்கு முப்பத்தைந்து வயது. ஒரு ஆட்டத்தில் பத்துப் பன்னிரண்டு நிமிடம் இறங்குவார். இரண்டு பாயிண்ட் எடுத்தால் அதிசயம். துள்ளிக் குதிக்கிற வயது போய்விட்டது. முழங்காலில் எப்போதும் ஒரு பட்டை.

விட்டுவிடலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி. ஆனால் பூவராகன் நேர்மையான மனிதர். ஒரு விஷயம் அவரைத் தூங்கவிடவில்லை.

சுயம்பு களத்தில் நிற்கிற பத்து நிமிடமும் நாரைகள் தோற்பதில்லை.

எப்படிக் கூட்டினாலும், எப்படிக் கழித்தாலும், இது மட்டும் எங்கோ இடித்தது. அதற்காகத்தான் மலையேறி வந்தார்.



முதல் நாள் முழுக்கக் களத்தின் ஓரம் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

"என்னங்க சார், பிடிபட்டுச்சுங்களா?"

"ஒண்ணும் தெரியல மேடம். ஓடறார். நிக்கறார். திரும்ப ஓடறார்."

"எதைப் பாத்தீங்க?"

"அவரைத்தான்."

"எவ்வளவு நேரம்?"

பூவராகன் யோசித்துப் பார்த்தார். நாலு நொடி. அதற்கு மேல் ஒவ்வொரு தடவையும் கண் பந்தைத் தேடிப் போய்விட்டிருந்தது. ஐம்பத்தொரு வயதில் தன் கண் தன் பேச்சைக் கேட்பதில்லை என்று தெரிந்துகொள்வது அவ்வளவு சந்தோஷமான காரியம் இல்லை.

அன்று மாலை போன சீசனின் வீடியோக்களைத் திரும்பப் போட்டார். சத்தத்தை அணைத்துவிட்டுத்தான் பார்ப்பார். அரங்கத்து மேளமும் பாட்டும் அவருக்கு ஆகாது.

பார்த்தவர் திடுக்கிட்டார். பந்து இல்லாத இடத்தையெல்லாம் வெட்டி எறியச் சொல்லி அவரே உத்தரவு போட்டிருந்தார். நேரம் மிச்சமாகுமே என்று. சுயம்பு ஆடிய நிமிடங்கள் இருநூற்றுக்கும் மேல். வீடியோவில் மிஞ்சியிருந்தவை ஒன்பது. அதிலும் பாதியில் தோள்பட்டை மட்டும்தான் தெரிந்தது.

இந்த ஒன்பது நிமிடத்தை வைத்துத்தான் ஒரு மனிதனை எடைபோட்டிருக்கிறோம் என்று நினைத்தபோது அவருக்கு வெட்கமாக இருந்தது.



மறுநாள் டீக்கடைப் பெஞ்சில் சுயம்புலிங்கம் அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ஆறரை அடி உயரம். பெஞ்சு முனகியது.

களத்துக்கு வெளியே அவர் பேசி யாரும் அதிகம் கேட்டதில்லை. டீ பாதி ஆகும்வரை அன்றும் பேசவில்லை.

"என்னைய எழுதத்தான் வந்திருக்கியளாம்லா" என்றார் பிறகு. தூத்துக்குடிப் பக்கத்துப் பேச்சு.

பூவராகன் டீ கிளாசைக் கீழே வைத்தார். குல்லாவின் முடிச்சைக் கொஞ்சம் தளர்த்திக்கொண்டார்.

"உள்ளத எழுதுங்க சார். கூட்டி எழுத வேண்டாம்."

"நான் விட்டுடச் சொன்னா நீங்க என்ன பண்ணுவீங்க?"

"வேற எவன் எடுப்பான், முப்பத்தஞ்சு வயசுக்காரன?" சுயம்பு சிரித்தார். "இன்னும் ஒரு வருசம் ஆடணும்னு இருக்கு. கிரவுண்டுல எங்கன நிக்கணும்னு எனக்குத் தெரியும் சார். வெளிய எங்கன நிக்கணும்னுதான் தெரியல."

கிளாசைக் கழுவி வைத்துவிட்டுப் போனார்.

பூவராகன் வெகுநேரம் அங்கேயே இருந்தார். அவருக்கும் ஒரு காலத்தில் இந்த ஆட்டத்தின் மேல் பைத்தியம் உண்டு. பதினெட்டு வயதில் கல்லூரி அணியின் பட்டியலில் அவர் பெயர் இல்லை. பயிற்சியாளருக்கு வேண்டியவன் பெயர் இருந்தது. அன்றைக்கு எண்களிடம் போய்ச் சேர்ந்தவர்தான். எண்ணுக்கு வேண்டியவன் வேண்டாதவன் கிடையாது என்று நம்பினார். இந்த முப்பத்து மூன்று வருடத்தில் அவர் ஒரு தடவைகூடப் பந்தைத் தொடவில்லை.



வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு மேகம் இறங்கியது.

முதலில் தேயிலை போயிற்று. அப்புறம் மரங்கள். ஒரு வளையம் போயிற்று, மறு வளையமும் போயிற்று. சிமெண்டுத் தரையில் தன் கால் வரைக்கும்தான் பூவராகனுக்குத் தெரிந்தது. பகலா, வேறு ஏதாவதா என்று சொல்லமுடியாத ஒரு வெள்ளை.

யாராக இருந்தாலும் பயிற்சியை நிறுத்தியிருப்பார்கள். கோகிலவாணி விசிலை எடுத்தாள்.

"அஞ்சு பேரு இந்தப் பக்கம், அஞ்சு பேரு அந்தப் பக்கம். ஆரம்பிங்க."

பிறகு அவர் முன்னால் வந்து நின்றாள். முகம் மங்கலாகத் தெரிந்தது.

"ரிச்சர்டுக்குக் காய்ச்சலுங்க. இன்னும் ரெண்டு பேருக்குக் கால் சரியில்ல. ஒரு ஆள் கொறையுது. நீங்க வாங்க சார்."

"நானா? விளையாடறீங்களா மேடம்?"

"நீங்கதான் விளையாடப் போறீங்க. குல்லாவைக் குடுங்க."

கையை நீட்டிக்கொண்டே நின்றாள். அவர் முடிச்சை அவிழ்த்துக் குல்லாவைக் கழற்றிக் கொடுத்தார். காதுகளில் குளிர் ஜில்லென்று அடித்தது.

குளிரோடு சேர்ந்து ஒரு குரலும் வந்தது.

"ஏலே வலது! வலது பக்கம் ஆள் வாரான்! இறங்கு, இறங்கு! நான் நிக்கேன், நீ போ!"

மூன்று நாளாகக் குல்லாவுக்கு வெளியே ஏதோ ஒரு சத்தம் இருந்துகொண்டே இருந்தது. களத்தில் எல்லாரும் கத்துகிறார்கள் என்று விட்டுவிட்டார். எல்லாரும் இல்லை. ஒரே ஒருவர்.



"சார், ரெண்டடி முன்னால வாங்க."

வந்தார்.

"இடது. இன்னும் ஒரு எட்டு. அங்கனயே நில்லுங்க."

நின்றார். அவரைத் தொட்டும் தொடாமலும் யாரோ ஓடினார்கள். ஒருவரும் இடிக்கவில்லை. மேகத்துக்குள் ஷூக்களின் சத்தம் வந்தது, போயிற்று. பயம் போய்விட்டது. எங்கே யார் இருக்கிறார்கள் என்று அவருக்குத் தெரிந்தது. பின்னால் இருவர், வலது மூலையில் ஒருவர், வளையத்துக்குக் கீழே நெட்டையாக ஒருவர். பார்க்காமலே தெரிந்தது. கனவில் வீட்டின் அறைகள் தெரிகிற மாதிரி.

மேகம் விலகிவிட்டது என்றே நினைத்தார்.

"கைய நீட்டுங்க சார்!"

நீட்டினார். பந்து வந்து கையில் உட்கார்ந்தது. முப்பத்து மூன்று வருடத்துக்குப் பிறகு அதே சொரசொரப்பு.

பக்கத்தில் நெஞ்சோடு நெஞ்சு மோதுகிற சத்தம் கேட்டது. யாரையோ மறித்து நின்று, அடியை வாங்கிக்கொண்டு, அதே குரல் மூச்சு வாங்கச் சொன்னது:

"உங்க முன்னால யாருமில்ல சார். நேரா மூணு எட்டு. நான் நிக்கேன், நீங்க போங்க!"

மூன்று எட்டு வைத்தார். பந்தை வெள்ளைக்குள் எறிந்தார்.

வலை சிலிர்க்கிற சத்தம் கேட்டது.

பூவராகன் அழுதுவிட்டார். மேகத்துக்குள் யார் பார்க்கப்போகிறார்கள்?



"சுயம்பு, வெளிய வாங்க" என்றது கோகிலவாணியின் குரல். "சாருக்கு ஓட வருதே, ஆட்டம் நடக்கட்டும்."

கால் சரியில்லாத இருவரில் ஒருவன் மெல்ல உள்ளே இறங்கினான். ஆட்டம் தொடர்ந்தது.

பூவராகன் முன்னால் ஓடினார். இப்போது அவருக்குத் தைரியம் வந்திருந்தது. தன் காலில் இன்னும் ஆட்டம் இருக்கிறது, அன்றைக்குப் பட்டியலில் தன் பெயர் இருந்திருக்கவேண்டும் என்றுகூட ஒரு நினைப்பு ஓடியது.

இரண்டு எட்டு வைத்தார். நின்றார்.

ஒன்றும் தெரியவில்லை.

ஒரு தோள் வந்து இடித்தது. "சாரி சார்" என்று யாரோ சொன்னார்கள். எங்கேயோ இருவர் மோதிக்கொண்டார்கள். ஒருவன் பந்தைக் கேட்டான், இன்னொருவனும் கேட்டான், யாருக்கும் வரவில்லை. பிறகு அது எங்கிருந்தோ வந்து பூவராகனின் காதைப் பதம் பார்த்தது.

அவர் காதைப் பொத்திக்கொண்டு மறுகையால் துழாவிக்கொண்டே களத்தின் ஓரம் வந்து சேர்ந்தார்.

"என்ன மேடம் இது? மேகம் திடீர்னு இப்படி அடைச்சுக்கிச்சு!"

கோகிலவாணி குல்லாவை அவரிடம் நீட்டினாள்.

"முதல்லருந்து இப்படியேதானுங்க இருக்குது" என்றாள்.

பூவராகன் குல்லாவைக் கையில் வாங்கிக்கொண்டார். தலையில் போடவில்லை.

"போங்க சுயம்பு" என்றாள் அவள். பக்கத்தில் வெள்ளைக்குள் நின்றிருந்த ஒரு பெரிய உருவம் அசைந்து உள்ளே போயிற்று.



அவர் பையிலிருந்து காகிதத்தை எடுத்தார். சுயம்புலிங்கத்தின் பெயருக்கு நேரே கட்டங்கள் இருந்தன. எடுத்த பாயிண்ட். பிடித்த பந்து. கொடுத்த பந்து. பறித்த பந்து. கடைசிக் கட்டம் வரைக்கும் விரலால் தடவிக்கொண்டே போனார். எதிலும் எழுத முடியவில்லை. அதற்கப்புறம் காகிதத்தின் ஓரம்தான் இருந்தது.

கைபேசி அடித்தது. பன்னிரண்டு ஆக ஐந்து நிமிடம்.

"சொல்லுங்க சார்" என்றார் முதலாளி. "பாத்துட்டீங்களா? அந்த சுயம்புவை விட்டுடலாமுங்களா?"

பூவராகன் கோச்சைத் தேடினார். அவள் நின்ற இடத்தில் மேகம்தான் நின்றது.

"சார்? லைன்ல இருக்கீங்களா?"

அவர் கைபேசியைக் காதிலிருந்து எடுத்தார். களத்தின் பக்கமாக, கை எவ்வளவு தூரம் போகுமோ அவ்வளவு தூரம் நீட்டிப் பிடித்தார். வெகுநேரம் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். கை வலித்தது. பிறகு மெல்லக் காதில் வைத்தார்.

"என்னங்க சார் இது?" முதலாளிக்கு எரிச்சல். "ஒண்ணுமே கேக்கலீங்க. யாரோ ஒருத்தர் மட்டும் விடாம கத்தீட்டே இருக்காரு. யாருங்க அது, நம்ம டீமுக்குப் புதுசா வந்த கோச்சுங்களா?"

"இல்லீங்க" என்றார் பூவராகன். "அவரைத்தான் விட்டுடலாமான்னு கேக்கறீங்க."