கட்டிலுக்கு நான்கு கற்கள்

வீட்டுக்குக் கட்டில் வாங்கப் போகிறவர்கள் கொஞ்சம் இப்படி உட்காருங்கள். ஒரு முடிச்சுப் போடுகிறேன். அவிழ்க்கத் தெரிந்தவர்கள் முந்திரிக்கொட்டை மாதிரி முந்தாமல் முழுதாகக் கேளுங்கள்.

கெடிலம் ஆற்றை ஒட்டிய ஓர் ஊரில் வளர்மதி என்று ஒருத்தி. கார்த்திகை வந்தால் அவள் வீட்டுக்குள் கணுக்கால் அளவு தண்ணீர் வந்துவிடும். கடையில் வாங்கிய கட்டில் மரத்தூளை அழுத்திச் செய்த பலகை. ஒரே வெள்ளத்தில் ஊறிய அவலாக உப்பிப்போனது. இனி இரும்புக் கட்டில்தான் என்றார் கணவர் எழிலரசன். இவள் கேட்கவில்லை. பிறந்த வீட்டுக் கொல்லையில் நின்ற பெரிய தேக்கு புயலில் சாய்ந்திருந்தது. ஆளுக்குப் பாதி என்று அண்ணன் அறவாழி வாக்குக் கொடுத்திருந்தான். அப்பா அம்மா போன பிறகு அந்த வீட்டிலிருந்து அவள் கேட்டது அது ஒன்றுதான்.

இங்கே மரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. தேக்கு என்றால் எல்லாம் ஒன்றல்ல. நடுவில் இருப்பது வைரம். தண்ணீரில் கிடந்தாலும் அசையாது. அதைச் சுற்றி இருப்பது வெள்ளை. தண்ணீரும் மரம் தின்னும் உளுப்பூச்சியும் அதைத்தான் முதலில் தேடி வரும். சாயம் ஏற்றிப் பாலிஷ் போட்டுவிட்டால் இரண்டும் ஒரே நிறம்.

மரத்தைச் சந்தானத்தின் மில்லில் அறுத்தார்கள். பலகைகள் அங்கே ஒரு மாதம் கிடந்து, பிறகு வேலாயுத ஆசாரியின் பட்டறைக்குப் போயின. அவளுக்குக் கட்டிலும், அறவாழி கட்டிக்கொண்டிருந்த புது வீட்டுக்கு வாசல் நிலையும் அங்கேதான் செய்தார்கள்.

நிலை வைக்கிற அன்று தங்கை என்ற முறையில் வளர்மதிதான் அதற்கு மஞ்சள் குங்குமம் வைத்தாள். அண்ணன் தெருவிலும் மழைத் தண்ணீர் தேங்கும். நிலையைத் தரையோடு தரையாக வைக்கிறார்களே என்று கேட்டாள். அறவாழி சிரித்தான்.

"தேக்கு வளரு. ஊறப் போட்டாலும் ஒண்ணும் ஆவாது."

அடுத்த வாரம் அவனே கட்டிலை வண்டியில் கொண்டுவந்து இறக்கினான். கூடவே நான்கு கருங்கற்கள். ஒவ்வொன்றும் ஒரு சாண் உயரம், மேலே கட்டில் கால் உட்காரக் குழி கொத்தியது. கல்லை அவனே கூடத்தில் சரிபார்த்து வைத்துவிட்டுச் சொன்னான்.

"கட்டில் கால நனைய விடாத. எப்பவும் இதும்மேலயே இருக்கட்டும்."

வளர்மதிக்குக் கண் கலங்கிவிட்டது. எங்கள் அண்ணனுக்கு என்ன அக்கறை பார் என்று தெருவில் ஒரு வீடு விடாமல் சொன்னாள். கட்டில் வாங்கினால் கவிழ்த்துச் சாயம் படாத அடிக்காலைப் பார்க்க வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். கூடப்பிறந்தவன் கொடுத்ததை யார் கவிழ்த்துப் பார்ப்பார்கள்?

இரண்டு மழைக்காலம் கல் காப்பாற்றியது. மூன்றாம் வருஷம் தண்ணீர் முழங்கால் வரை ஏறி நான்கு நாள் வடியாமல் நின்றது. தை மாதம் மகள் முதல் பிரசவத்துக்கு வருகிறாள் என்று வளர்மதி கட்டிலைத் துடைத்தாள். துணியோடு விரலும் காலுக்குள் போயிற்று. எழிலரசன் கட்டிலைக் கவிழ்த்துக் கத்தியால் சுரண்டினார். காலிலும் சட்டத்திலும் சாயத்துக்கு அடியில் முழுக்க வெள்ளை. ஒரு விரற்கடை வைரம் கிடையாது. கத்தியைத் துடைத்து வைத்துவிட்டு இரும்புக் கட்டில் விலை விசாரிக்கப் போனார். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

அவள் மூன்று பேரிடமும் போனாள். அறுத்ததோடு என் வேலை முடிந்தது, ஒரு பலகையும் மாற்றவில்லை என்றார் சந்தானம். வந்த பலகையில் செய்தேன், பாலிஷ் எல்லாக் கட்டிலுக்கும் போடுவதுதான் என்றார் ஆசாரி. அறவாழி பதறினான். வைரமா வெள்ளையா என்று எனக்கு என்ன தெரியும், மில்லிலோ பட்டறையிலோதான் மாற்றியிருப்பார்கள் என்றான்.

"பாதி மரம் உனக்குக் குடுத்தேன். கோயில்ல கற்பூரம் அடிச்சுச் சத்தியம் பண்றேன், வா."

நாளைக்குப் போகலாம் என்று சொல்லி வளர்மதி வீடு திரும்பினாள். கூடத்தில் நான்கு கற்களும் அப்படியே கிடந்தன. அவற்றையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவளுக்கு ஆள் யாரென்று தெரிந்துவிட்டது.

நீங்கள் சொல்லுங்கள்: வளர்மதியை ஏமாற்றியது மில்காரரா, ஆசாரியா, அண்ணனா? கற்கள் அவளுக்கு என்ன சொல்லின?

விடை: அண்ணன்தான். பலகை மாறியது அவனுக்குத் தெரியாது என்றால், கட்டிலும் நிலையும் அவனுக்கு ஒரே தேக்குதானே? ஊறப் போட்டாலும் ஒன்றும் ஆகாத தேக்குக்குக் கல் எதற்கு? தன் நிலையைத் தண்ணீரில் நிறுத்தியவன் தங்கை கட்டிலை மட்டும் கல்மேல் ஏற்றினான். எது வைரம், எது வெள்ளை என்று அறிந்தவன்தான் அப்படிச் செய்வான். சத்தியம் செய்திருந்தாலும் அது பொய்யில்லை. பாதி கொடுத்தான், எந்தப் பாதி என்று மட்டும் சொல்லவில்லை. ஆசாரி பார்த்தும் வாய் மூடியவர், அந்தப் பாவம் அவருக்கு. மறுநாள் வளர்மதி கோயிலுக்குப் போகவில்லை. நான்கு கற்களையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போய் அண்ணன் வாசலில் இறக்கினாள். "உன் நிலைக்கு வச்சுக்க அண்ணே" என்றாள். மகள் வந்து இரும்புக் கட்டிலில் படுத்தாள். வெள்ளை மரத்தைக்கூட வளர்மதி ஒருநாள் மன்னித்திருப்பாள். அந்தக் கற்களைப் பாசம் என்று நம்பி வீடு வீடாகச் சொன்னாளே, அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.