கீரி சொல்லிக்கொடுத்த வேர்

அல்லிக்குளத்துக் கரையில் கரடி ஒரு கடை வைத்திருந்தது. தேன் பக்கம் கரடியே நிற்கும். கிழங்குக்கு முள்ளம்பன்றி, கொட்டைகளுக்கு அணில், மருந்து வேர்களுக்குக் கீரி. ஆளுக்கொரு பக்கம், அடுத்த பக்கத்தை யாரும் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை.

ஒருநாள் அணில் பிரசவத்துக்குப் போனது. கொட்டை வாங்க வந்த மயில்கள் மூன்று நாள் வெறும் அலகோடு திரும்பின. நாலாம் நாள் கரடிக்குப் பொறுக்கவில்லை.

"இனிமே தினமும் காலையில கொஞ்ச நேரம் இடம் மாறி நிக்கணும்! ஒருத்தர் வேலையை இன்னொருத்தர் கத்துக்கணும்!"

கீரிக்குச் சுருக்கென்றது. அதனிடம் வேர்க்கூடைகள் ஏழு இருந்தன. எது எந்த நோய்க்கு என்பது அதற்கு மட்டுமே தெரியும். காட்டில் அதற்கு இருந்த மரியாதையெல்லாம் அதனால் வந்ததுதான். 'எல்லாருக்கும் தெரிஞ்சுட்டா அப்புறம் என்னை யார் தேடுவாங்க?' என்று பயந்தது.

முதலில் முள்ளம்பன்றி தன் வேலையைச் சொல்லிக்கொடுத்தது. "இங்க பாரு கீரியக்கா! கிழங்குல ஒரு குத்து. பால் வெள்ளையா வந்தா நல்லது. மஞ்சளா வந்தா தொண்டை அரிக்கும், யாருக்கும் குடுத்துடாதே!" குத்திப் பார்க்கத் தன் முதுகு முள்ளில் ஒன்றையே பிடுங்கிக் கொடுத்தது.

அடுத்தது கீரியின் முறை. கையில் அந்த முள்ளை வைத்துக்கொண்டே அது கூசாமல் புளுகியது.

"கறுப்பு வேர் இருமலுக்கு. சிவப்பு வேர் பாம்புக்கடிக்கு."

உண்மை நேர்மாறானது. மற்ற ஐந்து கூடைகளையும் அப்படியே மாற்றிச் சொல்லி வைத்தது. 'நான்தான் எப்பவும் இங்க இருக்கேனே, யாருக்கு என்ன வந்துடும்?' என்று மனதுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டது. முள்ளம்பன்றியோ சொன்னதையெல்லாம் பத்துத் தடவை உருப்போட்டது.

நாலைந்து நாள் கழித்து, கடைக்கு வரும் வழியில் கீரிக்கும் ஒரு விரியனுக்கும் சண்டை மூண்டது. விரியன் செத்தது. ஆனால் சாவதற்கு முன் கீரியின் வாயில் ஒரு போடு போட்டுவிட்டது. தள்ளாடித் தள்ளாடிக் கடை வாசலில் வந்து விழுந்த கீரிக்கு வாய் வீங்கி, பேச்சு அடைத்துப்போயிருந்தது.

"ஐயோ அக்கா! பயப்படாதே!" என்று ஓடி வந்தது முள்ளம்பன்றி. "நீ சொல்லிக்கொடுத்தது அப்படியே ஞாபகம் இருக்கு. பாம்புக்கடிக்குச் சிவப்பு வேர்!"

மளமளவென்று சிவப்பு வேரை அரைத்தது. கீரி தலையைத் தலையை ஆட்டியது.

"கசக்கத்தான் செய்யும்! பச்சைப்பிள்ளை மாதிரி அடம் பிடிக்காதே! கரடியண்ணே, தலையைப் பிடிங்க!"

கரடி பிடித்தது. கீரிக்குக் கால்கள் சில்லிட்டுக்கொண்டு வந்தன. கடையில் எல்லாரும் அதைக் காப்பாற்றத்தான் துடித்தார்கள். அதுதான் பயங்கரமாக இருந்தது. தான் சொன்ன பொய்யைத் தன் வாயில் ஊட்ட வருகிறார்கள், வேண்டாம் என்று சொல்ல வாய் இல்லை. உயிரைப் பிடித்துக்கொண்டு ஒரு திமிறு திமிறி, கறுப்பு வேர்க் கூடைவரை ஊர்ந்துபோய் அதன்மேல் தலையைச் சாய்த்தது.

"அது இருமலுக்கு இல்லையா?" என்றது முள்ளம்பன்றி.

கீரி அதன் முகத்தைப் பார்த்தது. கண்ணில் நீர் வழிந்தது. முள்ளம்பன்றிக்குப் புரிந்துவிட்டது. கையிலிருந்த சிவப்பு விழுதைக் கீழே வைத்துவிட்டு, கறுப்பு வேரை எடுத்து அரைக்க உட்கார்ந்தது.

சாயங்காலம் வீக்கம் வடிந்தது. நல்ல வசவு விழும் என்று கீரி காத்திருந்தது. முள்ளம்பன்றி ஒன்றே ஒன்றுதான் கேட்டது.

"அக்கா, மீதி அஞ்சு கூடைக்குச் சொன்னதாவது நெசமா?"

அதற்குப் பதிலாக வசவே விழுந்திருக்கலாம் என்று இருந்தது கீரிக்கு.

"இல்லை," என்றது. "என்னைத் தூக்கி அந்தக் கூடைகள் பக்கத்துல உட்கார வை. முதல்லேர்ந்து சொல்றேன்."

கீரி எழுந்து நடமாடப் பத்து நாள் ஆனது. அதுவரை வேர்ப் பக்கத்தை முள்ளம்பன்றி பார்த்துக்கொண்டது. யாரும் மருந்தில்லாமல் திரும்பவில்லை. மருந்து வாங்கிய ஒவ்வொருவரும் மறக்காமல் கேட்டார்கள்: "கீரியம்மா எப்படி இருக்காங்க?"

தனக்குத் தெரிந்ததைப் பிறரிடம் மறைப்பவர், ஆபத்தில் தனக்கு உதவ வரும் கையையே கட்டிப்போடுகிறார்.