நிலாக்கால நண்டு

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். பிறருக்குச் செய்த நன்மையை எவர் கண்ணிலும் படாமல் மறைத்ததுண்டா? மறைத்தபோது எவருடைய கண்ணுக்கு அஞ்சினீர்கள்?

உடனே விடை சொல்ல வேண்டாம். தேசிங்கு அப்படித்தான் உடனே விடை சொன்னார். பிறகு அந்த விடையை வைத்துக்கொள்ளவும் முடியாமல், திருப்பி எடுத்துக்கொள்ளவும் முடியாமல் நின்றார்.

ஆறு கடலில் கலக்கும் முகத்துவாரத்தில், தாழம்புதர்களுக்கு நடுவே திருமேனி அடிகளின் குடில் இருந்தது. அவருடைய சீடர் தேசிங்கு, கடலிலேயே தலை நரைத்தவர். அடிகளோ அவரைவிட மிகவும் இளையவர். முதல் நாள் காலில் விழப் போனவரைத் தோளைப் பிடித்து நிறுத்தி, "வயதுக்கு நான் உங்கள் தம்பி. அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். நீங்கள் எப்படி வேண்டுமானாலும் கூப்பிடுங்கள்" என்றார் அடிகள். தம்பி என்ற சொல்லைக் கேட்டதும் தேசிங்குவின் முகம் சுருங்கியது. அன்று முதல் 'சாமி' என்றே அழைத்துவந்தார்.

ஒரு பௌர்ணமி நாள் பிற்பகலில் தேசிங்கு குடிலுக்கு வந்தார். கையில் நாரால் கட்டிய பெரிய நண்டு ஒன்று தொங்கியது.

"சாமி, ஒரு சந்தேகம்."

"நண்டோடு வந்த சந்தேகமா? முன்னாலேயே இருந்ததா?"

"மாசாமாசம் வர்றது சாமி. இருட்டுக்காலத்துல மனசு நெறஞ்சு கெடக்கு. நிலாக்காலம் வந்தா வத்திப் பூடுது. வலை வத்துறது சரி. மனசு ஏன் வத்தணும்?"

"வலை ஏன் வற்றுகிறது? எனக்குக் கடல் தெரியாது. முதலில் அதைச் சொல்லுங்கள்."

கடலைப் பற்றிக் கேட்டால் தேசிங்குவின் குரல் நிமிர்ந்துவிடும்.

"இருட்டுல மீனுக்கு வலை தெரியாது சாமி. ஆனா நமக்கு மீன் தெரியும். கூட்டமா ஓடுறப்ப தண்ணி பச்சையா மினுங்கும். அதப் பாத்து வலைய விடுவோம். நிலா ஏறிட்டா எல்லாம் தலைகீழு. அந்த மினுக்கம் நம்ம கண்ணுக்குப் படாது. வலை அதுங்க கண்ணுக்குப் பட்டுரும். நூலைக் கண்டதும் திரும்பிப் பூடும். பௌர்ணமியன்னிக்கு நீரோட்டம் வேற வலையச் சுருட்டி இழுக்கும். ஒதறுனா பாசியும் குப்பையுந்தான்."

"அப்படியானால் இந்த நண்டு?"

"இதுவா! பாக்கத்தான் ராசா மாதிரி. நிலாக்கால நண்டு சாமி. ஓடு மட்டுந்தான். ஒடச்சா தண்ணி."

"அது ஏன்?"

"நிலா வெளிச்சத்துல தன் நெழலையே பாத்து மெரண்டு, வளைக்குள்ளயே குந்திக்கும்னு எங்க ஆளுங்க சொல்லுவாங்க. மேயப் போறதில்ல. மேயாத நண்டுல சதை ஏது?"

அடிகள் கை நீட்டி நண்டை வாங்கினார். புரட்டிப் பார்த்தார். பிறகு அதைத் தம் அருகே நிழலில் வைத்துக்கொண்டார்.

"சரி. இருட்டுக்காலத்தில் மனசு நிறைவது எதனால்?"

தேசிங்கு சுற்றுமுற்றும் பார்த்தார். தாழம்புதர்களைத் தவிர அங்கே கேட்பதற்கு எவரும் இல்லை. ஆனாலும் குரலைத் தாழ்த்தினார்.

"ஒரு தருமம் பண்றேன் சாமி. என் தம்பி அஞ்சப்பன் இருக்கான்ல, தோணி தள்ளுறப்ப கால் அடியில மாட்டி ஒடிஞ்சுபோச்சு. இன்னும் எழுந்து நடக்கல. கடலுக்குப் போவ முடியல. பொண்டாட்டி, ரெண்டு பொட்டப்புள்ளைங்க. இருட்டுக்காலத்துல கரையேறுனதும் நாலு மீன ஓலையில கோத்து, அவன் வீட்டுக் கொல்லைப் படல்ல மாட்டிட்டு வந்துருவேன். ஒரு ஈ காக்காய்க்குத் தெரியாது."

"கையில் கொடுத்தால் என்ன?"

தேசிங்குவின் கழுத்து நரம்பு புடைத்தது.

"அவன்கிட்ட எனக்குப் பேச்சே கெடையாது. எங்கப்பா ஓட்டுன கட்டுமரத்த என்னை ஒரு வார்த்தை கேக்காம கட்டவுத்து மரம் மரமாப் பிரிச்சுப் போட்டான் சாமி. அப்பா கையால கட்டுன கட்டு. ஊர்க்கூட்டத்துல அத்தனை பேர் மத்தியில சொல்லிட்டேன், என் காலு உன் வாசல மிதிக்காதுன்னு."

"கொல்லையைச் சபதத்தில் சேர்க்க மறந்துவிட்டீர்களோ?"

தேசிங்குவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வந்த சிரிப்பை மறைக்க மீசையைத் தடவினார்.

"கிண்டல் பண்ணாதீங்க சாமி. மறைச்சுக் குடுக்குறதுதானே பெரிய தருமம்?"

"யார் கண்ணுக்கு மறைக்கிறீர்கள்?"

"தம்பி கண்ணுக்குத்தான்! வாங்குறவன் கூசக் கூடாதுல்ல?" என்றார் தேசிங்கு, யோசிக்காமல்.

அடிகள் தலையசைத்தார். "நல்லது. நிலாக்காலத்தில் என்ன செய்கிறீர்கள்?"

"நிலாக்காலத்துல எப்படிப் போறது? பகலாட்டம் காயுதே. எவனாச்சும் பாத்துட்டான்னா, 'தேசிங்கு எறங்கி வந்துட்டான்டா'ன்னு தெருவே சிரிக்கும்."

சொல்லி முடித்த பிறகுதான் தம் வாயிலிருந்து வந்தது தம் காதிலேயே விழுந்தது. அவசரமாக ஒன்றைச் சேர்த்துக்கொண்டார்.

"அதோட, நிலாக்காலத்துல மீனும் இல்லியே சாமி."

"உங்கள் வீட்டு அடுப்பு அப்போது எரிவதில்லையா?"

"எரியாம? பானை நெறயக் கருவாடு கெடக்கு."

"கருவாட்டுக்கும் நிலா வெளிச்சம் ஆகாதோ?"

தேசிங்கு காலால் மணலைக் கிளறிக்கொண்டு நின்றார்.

அடிகள் குடிலின் கூரையில் செருகியிருந்த அரிவாளை எடுத்தார். நண்டைக் கட்டியிருந்த நாரை அறுத்தார். அதை வெயிலில், திறந்த மணலில் விட்டார்.

"சாமி! சாமி! போயிரும்!"

"போனால் என்ன? உடைத்தால் தண்ணீர் என்றீர்களே?"

"தண்ணின்னாலும் நண்டுத் தண்ணி சாமி! ரசத்துக்கு ஆவுமே!"

நண்டு சிறிது நேரம் அசையாமல் கிடந்தது. பிறகு கண்களை உயர்த்தியது. வெயில் மேற்கே சாய்ந்திருந்ததால் அதன் நிழல் அதைவிடப் பெரிதாக மணலில் கிடந்தது. நண்டு நகர்ந்தது; நிழலும் நகர்ந்தது. இரண்டும் சேர்ந்தே ஈரமணலைக் கடந்து தண்ணீரில் இறங்கின.

"வெயிலிலும் நிழல் விழுகிறதே, அண்ணே. நண்டு நிற்கவில்லையே."

தேசிங்கு நண்டு போன இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நேற்றுச் சாயங்காலம் பிச்சைக்கு உங்கள் தம்பி வீட்டுக்குப் போனேன்" என்றார் அடிகள்.

தேசிங்கு சட்டென்று திரும்பினார். "என்ன போட்டாங்க?"

"கஞ்சி. அதில் முக்கால் பங்கு தண்ணீர். உங்கள் தம்பி மனைவி பவளம் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் ஊற்றினாள். வேண்டாம் என்று சொல்லி அவளை இன்னும் நோகடிக்க எனக்கு மனம் வரவில்லை. குடித்துக்கொண்டிருந்தபோது முற்றத்தில் நிலா விழுந்தது. பிள்ளைகளுக்கு நிலாவைக் காட்டித்தானே சோறு ஊட்டுவார்கள்? அந்த வீட்டுச் சின்னப் பெண் நிலாவைக் கண்டதும் எழுந்து ஓடிக் கதவைச் சாத்தினாள். ஏனம்மா என்று கேட்டேன்."

"என்ன சொன்னா?"

"'நிலா வந்தா மீன் வராது' என்றாள்."

தேசிங்கு மணலில் உட்கார்ந்துவிட்டார். வலை இழுத்துக் காய்த்துப்போன கைகள் இரண்டும் மடியில் விழுந்து கிடந்தன.

"அந்தப் புள்ளைக்கே தெரிஞ்சிருக்குன்னா... அஞ்சப்பனுக்கு?"

"முதல் நாளே தெரியுமாம். ஓலையில் நீங்கள் போட்ட முடிச்சு, உங்கள் அப்பா கட்டுமரத்தில் போடுகிற முடிச்சாமே. 'அதை அவுத்த கை சாமி இது. எப்படி மறக்கும்?' என்று கையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்."

"தெரிஞ்சுமா வாயத் தொறக்கல?"

"வாயைத் திறக்காமல் இருந்தது மட்டுமில்லை. இருட்டுக்காலம் தொடங்கினால், பொழுது சாய்ந்ததும் கொல்லை விளக்கை அணைக்கச் சொல்லிவிடுவானாம். பவளம் தடுக்கி விழுந்துகூட இருக்கிறாள். ஆனாலும் ஏற்ற விடமாட்டானாம். 'அண்ணன் வர்ற வழி. வெளிச்சம் இருந்தா கூச்சப்படுவாரு' என்கிறான்."

அலை வந்து, நண்டு போன தடத்தை அழித்துவிட்டுத் திரும்பியது. தேசிங்கு கேட்டார்.

"நிலாக்காலத்துல என்ன பண்ணுவான் சாமி?"

"விளக்கை அவனால் அணைக்க முடியும், அண்ணே. நிலாவை எப்படி அணைப்பான்?"

தேசிங்கு தலைத்துண்டை அவிழ்த்து முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டார். வார்த்தைகளைத் தேடித் தேடிப் பேசினார்.

"போறேன் சாமி. கட்டாயம் போறேன். வர்ற அமாவாசை நல்ல நாளு. நாலு பெரியவங்களக் கூட்டி, சபதத்த முறையா வாபஸ் வாங்கிட்டு, நல்ல மீனா பாத்து எடுத்துக்கிட்டு..."

அடிகள் எழுந்தார். அதுவரை ஒருபோதும் குரல் உயர்த்தாதவர், தேசிங்குவின் இரு கைகளையும் பற்றி இழுத்து எழுப்பினார். உரக்கவே சொன்னார்.

"அண்ணே, ஒரு தம்பியாகக் கேட்கிறேன். அமாவாசைவரை வேண்டாம், நாளை வரையிலும் வேண்டாம். இன்றே போங்கள். கருவாட்டுப் பானையைத் தலையில் தூக்கிக்கொண்டு, நடுத்தெருவில் நடந்து, முன்வாசல் வழியாகப் போங்கள். சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். வெயில் இறங்கிக்கொண்டிருக்கிறது. அந்தப் பிள்ளை எழுந்து கதவைச் சாத்துவதற்குள் போய்ச் சேருங்கள்."